மூன்று வாளி சுடுதண்ணீர்

அந்தக் காலையில் என் இரண்டு கைகளும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளிக்குள் மணிக்கட்டு வரை முங்கிக் கிடந்தன. வாளியில் இருந்தது துருத் தண்ணீர். செங்கல் நிறம். குனிந்தால் பழைய சாவிக்கொத்தை மோந்து பார்த்த மாதிரி ஒரு வாசனை. ஆனால் நல்ல சூடு. எனக்கு அது போதும்.

வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிமலையில் மார்கழிப் பனி இறங்கினால் எதிரே இருக்கும் டீக்கடைகூடக் காணாமல் போய்விடும். பால் கொதிக்கும் வாசனையை வைத்துத்தான் கடை திறந்தாச்சு என்று தெரிந்துகொள்வோம். அந்தக் கடையில்தான் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிற சத்தம் பனிக்குள்ளிருந்து வந்தது. அவர் திரும்பி வருவதற்குள் என் விரல்கள் மடங்க வேண்டும்.

"அல்லா, இன்னும் ரெண்டே நிமிசம்" என்று வாய்விட்டே கேட்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் அன்வர். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அவர் மோட்டார் வைண்டர். நானும் மோட்டார் வைண்டர்தான். வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு அறைதான் எங்கள் பட்டறை.

இந்தத் தொடரை ஒவ்வொரு வாரமும் அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். நான் எப்படி எழுதியிருக்கிறேன் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. இரும்பு விஷயத்திலும் ஒயர் விஷயத்திலும் தப்பு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இந்த வாரத்தை எப்படி வாசித்துக் காட்டப்போகிறேன் என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் அந்தச் சிவப்பு வாளி விஷயம் அவருக்குத் தெரியாது. நாலைந்து வருஷமாகத் தெரியாது.

உட்டன், புடிச்சன்

போர்க் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டாரை நீங்கள் வெளியே பார்த்திருக்க மாட்டீர்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மியான ஒரு இரும்புக் குழாய் மாதிரி இருக்கும். எரிந்துபோனால் உள்ளே இருக்கும் பழைய ஒயரையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, புது ஒயரை உட்சுவரில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களில், காடி என்போம், ஒவ்வொன்றாக நுழைத்து இழுக்க வேண்டும். தையல் மாதிரிதான். ஆனால் ஊசி கிடையாது, விரல்தான் ஊசி.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். மோட்டாரைப் படுக்கப் போட்டு அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். அவர் ஒயரைத் தள்ளிவிட்டு "உட்டன்" என்பார். நான் நுனியைப் பிடித்துக்கொண்டு "புடிச்சன்" என்று சொல்லி இழுப்பேன். அடுத்த காடியில் நான் "உட்டன்", அவர் "புடிச்சன்". ஒரு மோட்டாருக்கு எத்தனை தடவை என்று யார் எண்ணியது! சண்டை போட்ட நாட்களில் இந்த இரண்டு வார்த்தையைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் வேலை பார்த்திருக்கிறோம். சாயங்காலத்துக்குள் சண்டையும் தானாகத் தீர்ந்துவிடும்.

பிடிக்காமல் மட்டும் "புடிச்சன்" என்று சொல்லக் கூடாது. அந்தப் பக்கம் இருப்பவர் அதை நம்பி ஒயரை விடுவார். இந்தப் பக்கம் பிடி இல்லையென்றால் ஒயர் தொய்ந்து காடியின் ஓரத்தில் உரசி, மேல் தோல் கிழிந்துவிடும். தோல் கிழிந்த ஒயரைத் தண்ணீருக்குள் இறக்கினால் அப்புறம் மோட்டார் ஏது?

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு சிரிப்பில்தான். கல்யாணமான புதிதில் கள்ளக்குறிச்சியில் ஒரு வைண்டிங் கடையில் அவர் வேலை பார்த்தார். எதிர் முனையில் உட்கார்ந்திருந்த ஆள் திடீரென்று திருப்பூருக்குப் போய்விட்டான். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். இவர் இந்தப் பக்கம் ஒயரைத் தள்ளிவிட்டு, எழுந்து அந்தப் பக்கம் ஓடிப் பிடித்து இழுத்துவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் ஓடி வருகிறார். கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சிரிக்கற இல்ல? வந்து உக்காந்து பாரு, தெரியும்" என்றார் ரோஷமாக.

உட்கார்ந்தேன். அதோடு சரி, எழுந்திருக்கவில்லை. அத்தா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். செய்தது யாருக்கும் கண்ணில் பட்டதில்லை. நான் இழுத்துக் கட்டிய மோட்டார் முதல் தடவை தண்ணீரை எடுத்து வெளியே அடித்தபோது, அந்த நிலத்துக்காரர் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அதை மறக்க முடியுமா?

மலைக்கு வந்ததும் இதனால்தான். கல்வராயன் மலையில் ஒரு மோட்டார் எரிந்தால் ஜீப்பில் போட்டுக் கீழே இறக்கி, கட்டி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அதுவரை ஊருக்குத் தண்ணீர் கிடையாது. நாமே மேலே போய்விட்டால் என்ன என்று கிளம்பிவிட்டோம். கீழே நான் மருமகள். மேலே நான் வைண்டர்.

சொல்லாத ஒரு வார்த்தை

"மலைன்னா அவ்வளவு குளிரா? நம்ம மாவட்டத்திலேயா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, தேங்காயெண்ணெய் பாட்டிலை நாங்கள் வெயிலில் வைத்துத்தான் கவிழ்ப்போம். போதுமா?

முதல் குளிர்காலத்திலேயே என் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. காலையில் முஷ்டி மடக்க வராது. பல் விளக்குகிற பிரஷ்கூட நழுவும். கள்ளக்குறிச்சியில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்திரை தர்றேன். ஆனா குளிர் ஆகாதும்மா" என்றார். பக்கத்தில் என் மாமியார் நின்றிருந்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

என் மாமி நல்லவர். அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியாது. மகனை உட்கார வைத்துச் சொன்னார்: "அடுத்த மார்கழி பொறந்து பத்து நாள் பாப்பன். அதுக்குள்ள அவ கைக்கு ஒரு வழி பண்ணு. பண்ணலன்னா நானே மேல வந்து கூட்டிக்கினு வந்துடுவன். பட்டறையும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

இவர் அதற்கு மேல். "ஷமீ, வலிச்சா ஒரு வார்த்த சொல்லு. அன்னிக்கே பூட்டிட்டு எறங்கிடலாம்" என்றார். ஒரு வார்த்தை சொன்னால் பட்டறையைப் பூட்டிவிடுகிற மனுஷனிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அவர் சொன்னதைச் செய்கிறவர். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் வலிக்கிறதா என்று கேட்டால், "கம்மிதான்" என்பேன். எப்போதும் கம்மிதான்.

"குளிக்கவா?"

அடுத்த ஐப்பசியில் ஒருநாள் இவர் போனைக் கொண்டுவந்து காட்டினார். எங்கோ பனி கொட்டுகிற ஊரில் ஒரு வெள்ளைக்காரர் தன் பட்டறைக்குத் தானே வெந்நீர்க் குழாய் போட்டு அறையைச் சூடாக்குகிறார். அவர் பேசினது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "பேச்ச வுடு. கையப் பாரு" என்றார் இவர். அந்த ஆளின் கையையே பத்து நாள் பார்த்தார்.

பிறகு கள்ளக்குறிச்சிக்குப் போய் சேலம் ரோட்டுப் பழைய இரும்புக் கடையிலிருந்து இரண்டு லாரி ரேடியேட்டர் கொண்டுவந்தார். எங்கள் பட்டறைக்குப் பின்னால் நிலம் சரிவாக இறங்கும். பள்ளத்தில் செங்கல் வைத்து மண் பூசி ஒரு அடுப்புக் கட்டினார். அடுப்புக்குள் செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி வைத்தார். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும். ஏறி, பட்டறைக்குள் கூரையை ஒட்டி வைத்த ஒரு தகர டின்னுக்கு வரும். அங்கிருந்து இரண்டு ரேடியேட்டருக்குள்ளும் இறங்கி, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய் மறுபடி அடுப்புக்கே போகும். பம்பு வேண்டாம், கரண்டு வேண்டாம். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காட்டில் விறகு வெட்டக் கூடாது. எரிப்பதற்கு மரவள்ளிக் குச்சியும் புளியம்பழ ஓடும்தான். அது இங்கே எல்லார் வீட்டிலும் குவிந்து கிடக்கும்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "குளிக்கவா பாய்?"

"இல்ல. ரூமு சூடாவறதுக்கு."

"சரி, சூடாவட்டும். அப்பறம் அந்தத் தண்ணி?"

"மறுபடி அடுப்புக்குப் போவும்."

"குளிக்கறதில்ல?"

"இல்லப்பா."

"குடிக்கறதும் இல்ல?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு பாய் சும்மா சுத்திக்கினு கெடக்குது?"

எங்கள் ஊர்ப்பக்கம் சுடுதண்ணீர் என்றால் மேலே ஊற்றிக்கொள்வதற்குத்தான். தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு சுடுதண்ணீர் என்பது யாருக்கும் விளங்கவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அந்த விளங்காத கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கதவுக்கு மேலே ஒரு கூன்

முதல் தடவை பற்ற வைத்தபோது அடுப்பு கொதித்தது, ரேடியேட்டர் ஐஸ் மாதிரி இருந்தது. அரை நாள் எரித்தும் அப்படியே.

காரணம் இவருடைய மரியாதைதான். தண்ணீர் திரும்பிப் போகிற குழாய் வாசலைத் தாண்டிப் போக வேண்டும். தரையோடு கொண்டுபோனால் வருகிறவர்கள் அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டுமே! "கடைக்கு வரவங்கள தாண்ட வெக்கறதா? நல்லா இருக்குமா?" என்று குழாயைத் தூக்கி, கதவுக்கு மேலே ஒரு வளைவு வளைத்து அந்தப் பக்கம் இறக்கியிருந்தார்.

ஜீப் ஓட்டுகிற கோவிந்தன்தான் கண்டுபிடித்தது. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களுக்கு மோட்டார் ஏற்றி இறக்குவது அவர் வண்டிதான். அந்த வளைவை ஒரு பார்வை பார்த்தார்.

"பாய், ஏர் புடிச்சிக்கிச்சி. நம்ம டீசல் வண்டில தெனம் நடக்கறதுதான. காத்து போயி கூனுல ஒக்காந்துக்கினு வழி வுட மாட்டேங்குது."

கூனின் உச்சியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, விரல் தடிமன் குழாய் ஒன்றை டின்னைவிட உயரமாக நிறுத்தினார்கள். புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரைத் தொட்ட கோவிந்தன் "ஆத்தாடி!" என்று கையை உதறினார். அன்றைக்கு இவர் சிரித்த சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் கோவிந்தனுக்குப் பிடிக்கவில்லை. அடுப்பிலிருந்து வெளியே வரும் செம்புக் குழாயை இவர் ஈயம் வைத்துப் பற்ற வைத்திருந்தார். "நெருப்பாண்ட ஈயம் தாங்குமா பாய்? டிங்கர் கடையில கேஸ் வெல்டிங் இருக்குது, கேட்டா குடுப்பாங்க."

"யோவ், உள்ள தண்ணி ஓடற வரைக்கும் ஈயம் அசையாது. சால்டரிங்ல என்னை அடிச்சிக்க இந்த மலையில ஆளு இருக்கா?"

ஆள் இல்லைதான். வைண்டருக்கு சால்டரிங் என்றால் கையெழுத்து மாதிரி.

அந்தக் காலை

அறை நன்றாகச் சூடானது. நானும் பிழைத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன். ஆனால் மார்கழி பிறந்ததும் குளிர் ஒரு படி ஏறியது. காலையில் நெருப்பு மூட்டி அறை சூடாக ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் என் விரல்கள் என்னுடையதாக இருக்காது.

அப்போது கோவிந்தன் ஊர் மோட்டார் வந்திருந்தது. கரியாலூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். ஊருக்கே அந்த ஒரு போர்தான். அது எரிந்து நாலு நாளாகப் பெண்கள் ஓடையில் இறங்கித் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

வேலை ஆரம்பித்த அன்று காலை, பிடிக்காமலே "புடிச்சன்" என்று சொன்னேன். நுனி விரலில் பட்டது, விரலை மடக்கத்தான் முடியவில்லை. வாய் முந்திக்கொண்டது. ஒயர் உரசிக் கிழிந்தது. ஒரு காடி முழுக்க உருவித் திரும்பப் போட வேண்டியதாயிற்று. இவர் ஒயரைத் தடவிப் பார்த்து, "இப்பல்லாம் ஒயரே சரியா வரதில்ல" என்றார். என்னைச் சந்தேகப்படவே தோன்றவில்லை அவருக்கு.

என் முக்காலிக்குப் பக்கத்தில், குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு திருகு குழாய் இருந்தது. என்றைக்காவது துருத் தண்ணீரை வெளியே விடுவதற்காக வைத்தது. மறுநாள் இவர் டீக்கடைக்குப் போனதும் அதைத் திறந்து ஒரு வாளி பிடித்து, கையை வைத்தேன். யா அல்லா! எப்பேர்ப்பட்ட சுகம் அது! வீட்டில் தண்ணீர் காய வைத்தால் எதுக்கு என்று கேட்பார். இங்கே கேட்க ஆளில்லை. அன்று மாலை டின்னில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து, "ஆவியா போவுது போல" என்று சொல்லிக்கொண்டே ஒரு குடம் ஊற்றினார். அடுத்த நாளும் ஒரு வாளி. அதற்கும் ஆவிமேல்தான் பழி.

மூன்றாம் நாள்தான் நான் முதலில் சொன்ன காலை. மார்கழி பத்து. மத்தியான பஸ்ஸில் மாமி வருகிறார். அதற்குள் மோட்டாரை முடித்துவிட்டால், இதோ பாருங்கள் என் கை என்று காட்டிவிடலாம். ஆனால் அன்றைக்கென்று ஒரு வாளிக்கு விரல் மசியவில்லை. ஆறிப்போனதை வெளியே அடுப்புப் பக்கம் ஊற்றிவிட்டு இன்னொன்று பிடித்தேன். அதற்கும் பாதிதான் மடங்கியது. மூன்றாவது வாளி நிறையும்போது குழாய் புர்புர்ரென்று துப்பியது. அதை நான் யோசிக்கவே இல்லை. சுடுதண்ணீர் இருந்தால் எடுக்க வேண்டியதுதானே என்றுதான் என் புத்தி போனது. எடுத்தால் அது சுற்றாது என்று தோன்றவில்லை.

அவர் வந்தார். கூடவே கோவிந்தனும். உட்கார்ந்தோம்.

"உட்டன்."

"புடிச்சன்."

நிஜமாகவே பிடித்தேன். விரல்கள் பூ மாதிரி இருந்தன. "இன்னா ஷமீ, இன்னிக்கி கை பறக்குது!" என்றார். ஒரு வரிசை முடிந்தது. இன்னொரு வரிசை. நான் மனதுக்குள் மாமிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டொம்!

கூரை அதிர்ந்தது. டின்னிலிருந்து ஆவி சீறியது. மறுபடி டொம். பிறகு கீழே அடுப்புப் பக்கம் உஸ்ஸென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஈயம் உருகிச் சொட்டி, குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தரை ஈரம்.

இவர் அந்த ஈரத்தையும் ஈயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜாயிண்ட்டு வுட்டு தண்ணியெல்லாம் வெளிய போயிடிச்சி. என் சால்டரிங்தான்" என்றார்.

ஈயம் உருகியதால் தண்ணீர் போனது என்பது அவர் கணக்கு. தண்ணீர் போனதால் ஈயம் உருகியது என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த ஈரம் நான் ஊற்றிய இரண்டு வாளி. வாயைத் திறந்தேன். திறந்தால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டேன்.

குடத்தோடு வந்தவர்கள்

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிங்கர் கடைக்குப் போய், வேண்டாம் என்று சொன்ன அதே கேஸ் வெல்டிங்கைக் கேட்டு வாங்கி வந்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் பித்தளைக் கம்பி வைத்துப் பற்ற வைத்தார்.

அடுப்பு சரியாகிவிட்டது. நிரப்பத் தண்ணீர்? எங்கள் தெருக் குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. கோவிந்தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது வண்டிக்குள் அவர் ஊர்ப் பெண்கள் நாலு பேர். ஆளுக்கொரு குடத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, தளும்பாமல் கையால் மூடிக்கொண்டு. ஓடையில் இறங்கிச் சுமந்த தண்ணீர். அவர்கள் வீட்டு உலைக்கு வைத்திருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வாணாம்க்கா, உங்களுக்கே இல்லியே" என்றேன்.

"ஊத்துங்க பாயம்மா. மோட்டாரு ஓடுனா எல்லாம் திரும்பி வரப்போவுது" என்றார் ஒருவர். ஏணியில் ஏறி அவர்களே ஊற்றினார்கள். நான் கீழே நின்று குடத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு குடமும் என் கையைத் தாண்டித்தான் போனது.

கடைசிக் குடம் ஊற்றும்போது வாசலில் மாமி நின்றார், பையோடு.

இரும்பு வாசனை

மலைப்பாதை வளைவுகளில் வந்த களைப்பு. குளிரில் பல் தந்தியடிக்கிறது. வந்தவர் என்னிடம் நேராக வந்து இரண்டு கைகளையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். விரல் நகத்தின் ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது.

"இன்னாம்மா இது?"

"சமையல் மாமி. மஞ்சத்தூளு."

மாமி என் கையைத் தூக்கி மூக்கருகில் கொண்டுபோனார். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "மஞ்சத்தூள்ல இரும்பு வாசன வருமா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த சிவப்பு வாளி அவர் கண்ணில் பட்டது. வாளிக்கு மேலே திருகு குழாய். மாமி மூன்று பிள்ளை வளர்த்தவர். அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

போச்சு, இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நின்றேன். மாமி ரேடியேட்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழங்காலைக் காட்டினார். மறுபடி மூட்டிய நெருப்பில் ரேடியேட்டர் லேசாகச் சூடேறத் தொடங்கியிருந்தது.

"யாண்டா அன்வரு, இது ராத்திரி வரைக்கும் சூடா இருக்குமா?"

"நெருப்பு இருக்கற வரைக்கும் இருக்கும்மா."

"அப்ப நான் பத்து நாளு இருந்துட்டுப் போறன். என் முட்டிக்கு ஆவுது. காலையில நெருப்பு நான் பாத்துக்கறன். நீங்க ரெண்டு பேரும் வெயிலு வந்தப்பறம் வேலைக்கு ஒக்காந்தா போதும்."

கூட்டிக்கொண்டு போக வந்தவர் பத்து நாள் தங்கினார். விடிவதற்கு முன்பே மரவள்ளிக் குச்சியை ஒடித்துப் போட்டு அறையைச் சூடாக்கி வைப்பார். இவர் டீக்கடைக்குக் கிளம்பியதும் வாளியில் அரை வாளி பிடித்து என் முன்னால் வைப்பார். நான் கையை எடுத்ததும், அந்த ஆறின தண்ணீரை அப்படியே ஏணியில் ஏறி டின்னில் ஊற்றிவிடுவார். எடுத்ததைத் திரும்ப ஊற்ற வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. அந்த வயதில், அந்த முட்டியோடு, ஏணியில்!

கோவிந்தன் ஊர் மோட்டார் மறுநாள் முடிந்தது. நாங்களும் போனோம். முதலில் சேறு வந்தது, பிறகு தண்ணீர். குடம் கொண்டுவந்த அக்கா முதல் குடத்தைப் பிடித்து என் கையில் கொடுத்தார். குடித்தேன்.

வாசித்துக் காட்டியது

இதுவரை எழுதியதை நேற்றுக் காலையில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பட்டறையில் ஒரு மோட்டாரைப் படுக்கப் போட்டு இரண்டு பேரும் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம்.

அடுப்புக் கதைக்குத் தலையாட்டினார். கூன் கதைக்குச் சிரித்தார். வாளி வந்ததும் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தார்.

"அப்போ என் சால்டரிங்கு?" என்றார்.

"நல்லாதாங்க இருந்துச்சி."

"சால்டரிங் வுட்டு தண்ணி போவல?"

"இல்லீங்க. தண்ணி போயிதான் சால்டரிங் வுட்டுது."

எழுந்து நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி இருக்கிறது! போனை எடுத்தார். "யோவ் கோவிந்தா! அன்னிக்கி டொம்முன்னு வெடிச்சிச்சே, ஞாபகம் இருக்குதா? என் சால்டரிங் மேல தப்பே இல்லியாம்யா!"

இத்தனை வருஷம் அதை இந்த மனுஷன் மனதில் சுமந்திருக்கிறார். அதன்பிறகு எந்த ஜாயிண்டையும் மூன்று தடவை தட்டிப் பார்க்காமல் அவர் விட்டதில்லை. வயசாகிறது, அதான் என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். பாவி நான்.

அடுத்து மாமிக்கு. ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாமி, "அது அன்னிக்கே தெரியுமேடா" என்றார்.

"தெரியுமா! ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே பட்டறைய பூட்டியிருப்ப."

போனை வைத்தார். தன் முனைக்குப் போய் உட்கார்ந்தார். ஒயரை எடுத்தார். தள்ளவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"ஷமீ. மூணு வாளியா?"

"ம்."

"அவ்ளோ வலிச்சிச்சா?"

வாய் பழக்கத்தில் கம்மிதான் என்று சொல்லப் போனது. நிறுத்திக்கொண்டேன்.

"ரொம்ப வலிச்சிச்சிங்க."

மோட்டாருக்கு மேலே அவர் தலை குனிந்திருந்தது. காடிக்குள்ளிருந்து ஒயரின் நுனி மெதுவாக என் பக்கம் எட்டிப் பார்த்தது.

"உட்டன்" என்றார்.

நுனியை இரண்டு விரலால் பிடித்தேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பிடி நன்றாக இருந்தது.

"புடிச்சன்" என்றேன்.